தகட்டின் இடுக்கில் ஒரு மின்கலம்

1947 ஏப்ரல் 23. ஹாலந்து நாட்டுக் கார் இறக்குமதியாளர் பென் பான் தன் குறிப்பேட்டில் ஒரு வண்டியை வரைந்தார். ஒரு பெட்டி, முன் சக்கரங்களின் மேல் ஓட்டுநர், பின்பக்கம் இயந்திரம், நடுவில் இருப்பதெல்லாம் சுமைக்கான இடம். 1950 மார்ச்சில் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் ஆலையில் அது உற்பத்திக்கு வந்தது. பீட்டில் காருக்கு அடுத்து ஃபோக்ஸ்வாகன் செய்த இரண்டாவது ரகம் என்பதால் 'டைப் 2' என்று பெயர். அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் நிறுவனம் அதற்குள் வைக்கத்தக்க படுக்கையும் அலமாரியும் செய்து விற்கத் தொடங்கியது. சரக்கு வண்டி, பயணம் போகும் வீடாயிற்று. 1967-இல் நடுவே பிரிந்த இரட்டை முன்கண்ணாடி போய், அகன்ற ஒற்றைக் கண்ணாடி வந்தது. ஜெர்மனியில் இந்த ரகம் நின்ற பிறகும் பிரேசிலில் 2013 வரை அதன் வாரிசு தயாராகிக்கொண்டிருந்தது.

அரை நூற்றாண்டைக் கடந்த இந்த வண்டிகள் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் கொட்டகைகளிலும் வீட்டுப் புறக்கடைகளிலும் நிற்கின்றன. பட்டறை வாசனையே அறியாத பலர் அவற்றை வாங்கித் தாங்களே மீட்டெடுக்கத் துணிகிறார்கள். அவர்களில் பாதி வழியில் கைவிடுகிறவர்களைத் தோற்கடிப்பது பெரும்பாலும் இயந்திரம் அல்ல. காற்றால் குளிரும் அந்தச் சிறிய இயந்திரத்தைச் சில போல்ட்டுகளைக் கழற்றிக் கீழே இறக்கிவிடலாம். உதிரி பாகங்களும் கிடைக்கின்றன. தோற்கடிப்பது துரு.

துருவின் வேதியியலைப் புரிந்துகொண்டால், வெல்டிங் துப்பாக்கியைக் கையில் எடுத்தே பழகாதவரும் இந்த வேலையைச் செய்து முடிக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்கே தேடுவது, எதை முதலில் வெட்டுவது, எதை எங்கே பூசுவது ஆகிய எல்லாக் கேள்விகளுக்கும் விடை ஒரே ஓர் உண்மையிலிருந்து கிடைக்கிறது. அந்த உண்மையைக் காண ஒரு சொட்டு உப்புநீர் போதும்.

ஈவன்ஸின் சொட்டு

உலோக அரிமானத்தை முறையான அறிவியலாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யூலிக் ஈவன்ஸ். 1920-களில் அவர் செய்துகாட்டிய சோதனையை இன்று எந்தப் பள்ளி ஆய்வகத்திலும் செய்யலாம். நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகுத் தகடு ஒன்று. அதன் மேல் ஒரு சொட்டு உப்புநீர். அந்த நீரில் இரண்டு வேதிப்பொருள்கள் சிறிதளவு கலந்திருக்கும்: இரும்பு கரையும் இடத்தை நீலமாகக் காட்டும் பொட்டாசியம் பெர்ரிசயனைடு, காரம் உண்டாகும் இடத்தை இளஞ்சிவப்பாகக் காட்டும் பினாப்தலீன்.

முதலில் சொட்டுக்கு அடியில் எங்கும் நீலப் புள்ளிகளும் இளஞ்சிவப்புப் புள்ளிகளும் கலந்து தோன்றும். நேரம் ஆக ஆக அவை பிரியும். நடுப்பகுதி முழுக்க நீலமாகும். ஓரம் முழுக்க இளஞ்சிவப்பாகும். கடைசியில் இரண்டுக்கும் இடையே பழுப்பு நிற வளையம் ஒன்று படியும். அதுதான் துரு.

நடந்தது இதுதான். சொட்டின் ஓரம் மெல்லியது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே எளிதாக இரும்பை எட்டும். நடுப்பகுதி ஆழமானது, அங்கே இருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோனால் மறுபடி வந்து சேர நேரமாகும். இந்த ஏற்றத்தாழ்வே ஒரே தகட்டை மின்கலமாக மாற்றுகிறது. நடுவிலுள்ள இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாக நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓரத்துக்கு ஓடுகின்றன. அங்கே ஆக்சிஜனும் நீரும் அவற்றை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. கரைந்த இரும்பும் ஹைட்ராக்சைடும் நீருக்குள் நகர்ந்து வழியில் சந்திக்கும் இடத்தில் துரு படிகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, துரு படிந்த இடமும் இரும்பு கரைந்த இடமும் ஒன்றல்ல என்பது. ஆக்சிஜன்தான் துருவுக்குக் காரணம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம்; அது சரி. ஆனால் உலோகம் அதிகம் தின்னப்படுவது ஆக்சிஜன் குறைந்த இடத்தில். கண்ணுக்குத் தெரியும் பழுப்பு, வேறெங்கோ நடக்கும் இழப்பின் அடையாளம்.

மூன்று தகடுகளும் அவற்றின் நடுவே இருட்டும்

இப்போது வண்டிக்கு வருவோம். லாரிக்கு இருப்பதுபோல டைப் 2-க்குத் தனியாகக் கழன்று வரும் சட்டகம் கிடையாது. தரை, பக்கச் சுவர், கூரை, அடியில் ஓடும் விட்டங்கள் எல்லாம் ஒன்றோடொன்று வெல்டிங் செய்யப்பட்டு, முழு உடலுமே சுமையைத் தாங்குகிறது. ஏறத்தாழ 1 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய தகட்டுக்கு அந்த வலு எப்படி வருகிறது? மடித்துப் பெட்டியாக்குவதால். தட்டையான தகடு கையால் வளையும். அதையே நாற்புறமும் மூடிய குழலாக்கினால் மனித பலத்துக்கு அசையாது.

அப்படிப்பட்ட பெட்டிக்குழல்களில் முக்கியமானது கதவுகளுக்குக் கீழே வண்டியின் நீளத்துக்கு ஓடுவது. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என மூன்று அடுக்கு. ஆலையில் இவற்றைச் சேர்த்தது ஸ்பாட் வெல்டிங். இரண்டு தகடுகளை அழுத்திப் பிடித்து மின்சாரம் பாய்ச்சி, புள்ளி புள்ளியாக உருக்கி ஒட்டும் முறை அது. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையில் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், ஒட்டியிருக்காது. அந்த மயிரிழை இடைவெளிக்குள் தண்ணீர் தானாகவே ஏறும். ஏறியது எளிதில் உலராது. உள்ளே ஆக்சிஜன் போகாது.

ஈவன்ஸின் சொட்டில் நடுப்பகுதி செய்த வேலையை இங்கே இடுக்கு செய்கிறது. இடுக்கின் பரப்பு சிறியது. ஆக்சிஜன் படும் வெளிப்பரப்பு பெரியது. பெரிய பரப்பு வாங்கும் எலக்ட்ரான்கள் அத்தனையையும் சிறிய பரப்பே கொடுத்தாக வேண்டும். எனவே இடுக்கில் தகடு விரைவாகக் கரைகிறது. உப்பும் சேர்ந்துகொண்டால் நிலைமை மோசமாகும். கரைந்த இரும்பு அயனிகளின் நேர்மின் சுமையைச் சமன் செய்யக் குளோரைடு அயனிகள் இடுக்குக்குள் இழுக்கப்படுகின்றன. உள்ளே நீர் அமிலத்தன்மை அடைகிறது. அரிப்பு தன்னைத் தானே தூண்டிக்கொள்கிறது. துருவின் கன அளவு அது உண்டான இரும்பைவிடப் பல மடங்கு பெரிது. அதனால் துரு ஆப்பாக மாறித் தகடுகளைப் பிளந்து விலக்குகிறது. வாய் அகன்ற இடுக்கில் இன்னும் அதிகத் தண்ணீர் நிற்கிறது.

உப்பு எங்கிருந்து வருகிறது என்பதில் ரகசியமில்லை. குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமலிருக்க ஐரோப்பாவில் உப்பைத் தூவுகிறார்கள். பிரிட்டனில் செஷயர் மாவட்டத்தின் வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்திலிருந்து பாறை உப்பு அதற்காகவே வெட்டி எடுக்கப்படுகிறது. சக்கரம் வாரி அடிக்கும் அந்த உப்புச் சேறு பெட்டிக்குழல்களின் துளை வழியே உள்ளே போய்த் தங்குகிறது. கலிஃபோர்னியாவின் வறண்ட பகுதிகளில் ஓடிய பழைய வண்டிகளை ஐரோப்பியர்கள் கப்பலேற்றி வரவழைப்பது இதனால்தான்.

வீடாக மாற்றிய வண்டிக்கு உள்ளிருந்தே இன்னொரு நீர்வரத்தும் உண்டு. உள்ளே தூங்குகிறவர்களின் மூச்சிலிருந்து இரவெல்லாம் நீராவி வெளியேறுகிறது. சமையல் அடுப்பு அதைவிட அதிகம் தருகிறது: 1 கிலோ பியூட்டேன் வாயு முழுதாக எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நீர் உண்டாகும். அது குளிர்ந்த தகட்டில் வேர்த்து, மர அலமாரிக்குப் பின்னால் வழிந்து, கீழே உள்ள மூட்டில் தேங்குகிறது. வெளிப்பக்கம் பளபளவென்று இருக்கும் வண்டி உள்பக்கத்திலிருந்து துளைபட்டிருப்பதற்கு இதுவும் காரணம். ஆகவே முதல் நாள் வேலை அலமாரிகளையும், சுவர்ப்பலகைகளையும், ஈரம் குடித்த கம்பளிப் பஞ்சையும் வெளியே எடுப்பது.

திருப்புளி முனையில்

பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் 'எம்.ஓ.டி.' தகுதிச் சோதனையில் ஒரு விதி உண்டு. பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் ஆகியவை உடலோடு பொருந்தும் இடங்களிலிருந்து 30 செ.மீ.க்குள் வலுவைக் குறைக்கும் அரிப்பு இருந்தால் வண்டி தேறாது. தொடக்கநிலையாளர் தன் வண்டியைச் சோதிக்க இதையே அளவுகோலாகக் கொள்ளலாம். அழகைக் கெடுக்கும் துரு வேறு, உயிரைக் கெடுக்கும் துரு வேறு. இரண்டாவதை முதலில் தேட வேண்டும்.

தேடும் விதம் எளிது. கதவுக்குக் கீழே பெயிண்ட் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம் கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிய சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். கொப்புளத்தை நெருங்க நெருங்க ஒலி மந்தமாகும். அந்த இடத்தில் திருப்புளியை அழுத்தினால் முனை உள்ளே இறங்கும். வெளியே இழுத்தால் பழுப்புச் செதில்கள் ஏடு ஏடாகக் கொட்டும். கூடவே ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்த சேற்றுப் பொடியும். நாணயம் அளவு தெரிந்தது உள்ளங்கை அளவு ஓட்டையாகும். வெளித்தகட்டை வெட்டி எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் நடுத்தகட்டின் அடி ஓரம் இன்னும் மோசமாக, பல்வரிசை போல அரிக்கப்பட்டிருக்கும். வெளியே தெரிவதைவிட உள்ளே இழப்பு அதிகம் என்ற ஈவன்ஸின் பாடம் இங்கே கண்ணெதிரே கிடக்கிறது.

இப்படித் தட்டிப் பார்க்க வேண்டிய இடங்கள்: முன்கண்ணாடி ரப்பருக்கு அடியில் கீழ் மூலைகள், கூரையோர மழைநீர்க் கால்வாய், சக்கர வளைவுகளின் உள்பக்கம், அமிலம் சிந்திய பேட்டரித் தட்டு, ஜாக்கி வைக்கும் இடங்கள். கடைசியில் சொன்னது உயிர் சம்பந்தப்பட்டது. துருப்பிடித்த ஜாக்கி இடத்தில் தூக்கினால் ஜாக்கி மேலே போகும், வண்டி போகாது. திடமான அச்சுப் பகுதியில் தூக்கி, இரும்புத் தாங்கிகளை வைத்து, அதன் பிறகே அடியில் படுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் நுழையக் கூடாது.

கழுவும் துரு, மாற்றும் துரு, வெட்டும் துரு

எல்லாத் துருவையும் வெட்டி எறிய வேண்டியதில்லை. போல்ட், கதவுக் கீல், தாங்கி போன்ற சிறு பாகங்களை மின்சாரத்தாலேயே கழுவலாம். ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் சில கரண்டி சலவைச் சோடா. துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் இணைக்க வேண்டும். நேர்முனையில் வேண்டாத பழைய இரும்புத் துண்டு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மின்சாரம் பாய்ந்தால் பாகத்தின் மேல் ஹைட்ரஜன் குமிழ்கள் பொங்கும். துருவின் ஒரு பகுதி கருப்பு ஆக்சைடாக மாறி இளகும். பிறகு பிரஷ் போட்டால் வந்துவிடும். எலக்ட்ரான்களை இழந்து கெட்ட இரும்புக்கு எலக்ட்ரான்களைத் திருப்பித் தரும் வேலை இது. கரைந்துபோன உலோகம் திரும்பி வராது. இருப்பது சேதமின்றி மிஞ்சும். ஹைட்ரஜன் தீப்பற்றும் என்பதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும். நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாக நீரில் கலக்கும். ஸ்பிரிங் போன்ற கடினமான எஃகுப் பாகங்களையும் இதில் போடக் கூடாது. ஹைட்ரஜன் ஊடுருவி அவற்றை நொறுங்கும்படி செய்துவிடும்.

தகட்டின் மேல் மெல்லியதாகப் படிந்த துருவை மாற்றலாம். பாஸ்பாரிக் அமிலம் அதை இரும்பு பாஸ்பேட்டாக்கும். டானின் அதைக் கருநீல இரும்பு டானேட்டாக்கும். இரண்டாவது வேதிவினை நமக்குப் பழையது. கலம்காரி ஓவியர்கள் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கோடு இழுக்கிறார்கள். கடுக்காயின் டானினும் இரும்பும் சேரும் இடத்தில் அழியாத கருப்பு எழுகிறது. கடையில் விற்கும் பல துரு மாற்றிகளில் வேலை செய்வது இதே சேர்க்கைதான். ஆனால் திரவம் தொட்ட துருதான் மாறும். இடுக்குக்குள் தடித்துக் கிடக்கும் துருவின் அடிவரை அது போகாது. மேலே கருத்துக் காட்டி, உள்ளே பழைய மின்கலத்தை ஓடவிடும்.

ஆக, விதி இதுதான். தனித்துக் கழன்று வரும் பாகமானால் கழுவுங்கள். திறந்த பரப்பில் மெல்லிய துருவானால் தேய்த்து மாற்றுங்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே இருந்தால் வெட்டுங்கள். ஓட்டையின் மேல் ஃபைபர் ஒட்டிப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது மிகப் பெரிய தீங்கு. பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதற்கு அடியில் புதிதாக ஓர் இருட்டறை உருவாகும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாளால் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும் முகமூடி அணிவதும் கட்டாயம்.

முட்டுக் கொடுத்து வெட்டு

உடலே சட்டகம் என்று பார்த்தோம். கதவுக்குக் கீழுள்ள குழலை வெட்டினால் கூரையும் தரையும் தங்கள் எடையில் தொய்யத் தொடங்கும். தொய்ந்த நிலையில் புதுத் தகட்டை ஒட்டிவிட்டால் கதவு பிறகு ஒருபோதும் மூடாது. ஆகவே வெட்டும் முன் கதவு வெளிகளில் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து முட்டுக் கொடுக்க வேண்டும். மூலைக்கு மூலை அளவெடுத்துச் சுவரிலேயே எழுதி வைக்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். ஒரே பக்கத்திலும் உள்தகடு முதலில், நடுத்தகடு அடுத்து, வெளித்தகடு கடைசியில். துருவும் உள்ளிருந்து வெளியே வந்ததால் சிகிச்சையும் அதே வரிசையில் போகிறது.

வெல்டிங்கில் தொடக்கநிலையாளரைத் திகைக்க வைப்பது தகடு நெளிவது. எஃகு ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. உருகும் புள்ளியைச் சுற்றியுள்ள இரும்பு சூட்டில் விரிய முயலும். ஆனால் அதற்கு அப்பால் உள்ள குளிர்ந்த தகடு இடம் தராது. போக வழியில்லாத இரும்பு தன்னிலேயே நசுங்கித் தடிக்கும். ஆறும்போது அது சுருங்கும். முன்பிருந்த அளவைவிடச் சிறிதாகிச் சுற்றிலும் இழுக்கும். வெயிலில் சீராகக் காயாத அப்பளம் போலத் தகடு நெளிந்துவிடும்.

மருந்து பொறுமை. 0.6 மி.மீ. கம்பி போட்ட மிக் வெல்டிங் இயந்திரத்தில் ஒரு நொடிப் பொழுது பொட்டு வைத்துவிட்டு, அடுத்த பொட்டை ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்குத் தகடு ஆறிய பிறகே இடைவெளிகளை நிரப்ப வேண்டும். முதலில் இதே தடிமனுள்ள கழிவுத் தகட்டில் பழகி, ஒட்டிய துண்டைக் குறட்டில் பிடித்து வளைத்து உடைத்துப் பாருங்கள். பொட்டு பிரிந்தால் வெல்டிங் மேலோடு நின்றுவிட்டது. தகடு கிழிந்தால் உள்ளே இறங்கியிருக்கிறது. கிழியும்வரை பழகிய பிறகு வண்டியைத் தொடலாம்.

பேட்டரி இணைப்பையும் பெட்ரோல் டேங்கையும் முதலிலேயே அகற்றிவிட வேண்டும். தகட்டைத் துடைக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் பயன்படுத்தக் கூடாது. வெல்டிங் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் அது ஃபாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சு வாயுவாக மாறக்கூடும்.

புதிய இடுக்கு உண்டாகாமல்

வேலையின் தலைவிதி தீர்மானமாவது இங்கே. ஓட்டையைவிடப் பெரிய தகட்டை மேலே வைத்துச் சுற்றி ஒட்டுவது சுலபம். ஆனால் பழைய தகடும் புதிய தகடும் ஒன்றன் மேல் ஒன்று படியும் ஓரம் ஒரு புதிய இடுக்கு. முடிந்த இடமெல்லாம் துண்டை ஓட்டையின் அளவுக்கே வெட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டுவதே சரி. ஆலையிலேயே தகடுகளை ஒன்றன் மேல் ஒன்று மடித்துச் சேர்த்த இடங்களில் அது முடியாது. அங்கே துத்தநாகம் உதவுகிறது.

1824-இல் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்பு அடித்தகடு கடல்நீரில் அரிக்காமலிருக்கத் துத்தநாகத்தையோ இரும்பையோ அதோடு இணைத்தால் போதும் என்று காட்டினார். எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் தன்னைக் கரைத்துக்கொண்டு மற்றதைக் காக்கிறது. நியம மின்னழுத்த அளவில் துத்தநாகம் −0.76 வோல்ட், இரும்பு −0.44 வோல்ட், இரண்டும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் கரைவது துத்தநாகமே. வெல்டிங்குக்கு முன் மூட்டின் இரு முகங்களிலும் பூசும் துத்தநாகப் பிரைமர் இந்த வேலையைச் செய்கிறது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிப்பதால் பொட்டு வைத்த இடத்தில் எரிந்துபோகும். சற்றுத் தள்ளி இடுக்குக்குள் மிஞ்சும். அந்தப் புகை காய்ச்சலை வரவழைக்கும். காற்றோட்டமும் முகமூடியும் இல்லாமல் செய்யக் கூடாது.

பிறகு மூட்டின் வாயைச் சீலர் பசையால் அடைத்து, பெயிண்ட் அடித்து, குழல்களின் உட்புறத்துக்கு மெல்லிய குழாய் வழியே திரவ மெழுகு பீய்ச்ச வேண்டும். மெழுகு இடுக்குகளில் ஊர்ந்து நீருக்கு முன்னால் இடம் பிடித்துக்கொள்ளும். குழலின் அடியிலுள்ள வடிகால் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. நுழையும் நீரை முற்றிலும் தடுக்க முடியாது. நுழைந்தது வெளியேற வழி இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் துரு நின்றுவிடாது. அதன் வேகம் வெகுவாகக் குறையும். துத்தநாகம் கரையும், மெழுகு காயும், ரப்பர் வெடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலத்துக்கு முன்பு, வடிகால் துளைகளைக் குத்தி விட்டு, மூட்டுகளைத் தட்டிப் பார்த்து, மெழுகை மறுபடி பீய்ச்ச வேண்டும். அதற்கு எந்தக் குழலுக்குள் எத்தனை தகடு, எந்த மூலையில் மூட்டு, எங்கே வெல்டிங் சற்றுப் பலவீனமாக விழுந்தது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். மீட்டெடுத்த வண்டியை விலைக்கு வாங்குகிறவருக்கு இந்த விவரம் கிடைப்பது அரிது. திறந்து பார்த்து, வெட்டி, ஒட்டியவருக்கு வண்டியின் ஒவ்வோர் இடுக்கும் மனப்பாடம். தொடக்கநிலையாளர் இந்த வேலையைத் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்: அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அந்த வண்டியைக் காக்கப்போவது அந்த அறிவு.